தாய் ஃபைல்

ஜூன் 4

என் வழிகாட்டி மேடத்திடம் இன்று நான் சொல்லாதது: கணினியில் ஆய்வேட்டைத் திறக்கப் பதினோரு நிமிடம் ஆகிறது. திறந்தபின் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வர ஆறு விநாடி ஆகிறது. நேற்றுக் காலை எழுதிய நாற்பது வரிகள் இன்று எங்கும் இல்லை.

"எதுவரைக்கும் வந்திருக்கு, ஆவுட?" என்று கேட்டார்.

"முடியப்போகுது மேடம்" என்றேன்.

ஜூலை 15 கடைசி நாள். ஆறு வருடம் முடிகிறது. நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. ஆறு வருடம் ஊர் ஊராகப் போய்க் கொடை நோட்டீஸ் பொறுக்கியது பொழுதுபோக்கு ஆகிவிடும்.

பொறுக்கியது என்பது அம்மாவின் சொல். அம்மன் கோயிலிலும் சுடலை கோயிலிலும் கொடைத் திருவிழா நடத்தும்போது ஊர்க்காரர்கள் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்களே, அந்த ஒற்றைத் தாள். பச்சை, ரோஸ், மஞ்சள். இருநூற்றுப் பன்னிரண்டு சேர்த்திருக்கிறேன். அவற்றில் யார் பெயர் எப்படி அச்சாகிறது என்பதுதான் என் ஆய்வு.

இதைக் காகித நோட்டில் எழுதுகிறேன். திறந்தவுடன் திறக்கிறது.

ஜூன் 6

அந்த மென்பொருளின் பெயரை இங்கே எழுதப் பிடிக்கவில்லை. சோற்றில் கிடந்த மயிரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா.

'கோயில்' என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். வட்டம் சுற்றியது. பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்து நின்றன: கோயில்கோயில். ஒன்றை அழிக்கப் போனால் இரண்டும் போயின. 1958-ஆம் வருடத்து நோட்டீஸின் படத்தை அரை அங்குலம் நகர்த்தினேன். அது எழுந்துபோய்த் துணைநூற்பட்டியலின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. நான் கேட்காமலேயே பத்திகளுக்கு எண் போடுகிறது. எண்களை எடுத்தால் பத்திகள் பக்கத்தின் வலது ஓரத்துக்கு ஓடி ஒண்டுகின்றன.

கடைசியில் ஒரு பெட்டி வந்தது. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்.' வருந்துகிறவர்களின் குரலே இல்லை அது. பேருந்து நிலையத்தில் கழிப்பறை பூட்டியிருக்கிறது என்று ஒட்டிய தாளில்கூட இதைவிட வருத்தம் இருக்கும்.

மத்தியானம் மின்சாரம் போயிற்று. நிம்மதியாக இருந்தது.

ஜூன் 9

எங்கள் துறையில் யாரும் ஆய்வேட்டை வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதில்லை. பதிவு செய்த அன்றே மேடம் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துத் தருவார். அதில் இருப்பது தாய் ஃபைல். ஓரங்கள், தலைப்புகள், சான்றிதழ், உறுதிமொழி எல்லாம் பல்கலைக்கழக விதிப்படி அமைத்தது. முன்னால் படித்தவருடைய ஆய்வேடு அது. அவருடையதை அழித்துக்கொண்டே நம்முடையதை மேலே அடிக்க வேண்டும். அவரும் அவருக்கு முன்னால் இருந்தவருடையதன் மேல் அடித்தவர்தான். "புதுசா ஆரம்பிச்சா ஆபீஸ்ல நூறு நொட்ட சொல்லுவான். இது ராசியான ஃபைலு" என்பார் மேடம். அதில் அடித்தவர்களில் இரண்டு பேர் இப்போது உதவிப் பேராசிரியர்கள்.

இன்று மடிக்கணினியைச் சமாதானபுரத்தில் வேலாண்டி அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோனேன். முப்பது வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, ஆய்வேடு எல்லாவற்றுக்கும் ஒரே நாற்காலி.

"எத்தன பக்கம் பிள்ள?"

"எரநூத்தி அறுவது."

"கனத்தப் பாத்தியா? தொண்ணூறு எம்பி. எம் மவ கல்யாண ஆல்பம்கூட இம்புட்டு இல்ல. இதுக்குள்ள யாரையோ ஒளிச்சு வச்சிருக்க நீ."

"மேடம் குடுத்த ஃபைலு அண்ணாச்சி."

"அப்ப மேடந்தான் ஒளிச்சு வச்சிருக்காவ." தன் சிரிப்பில் தானே இருமினார். "வேற சாஃப்ட்வேருக்கு மாறிரு. ஊருக்கு ஒரே டவுன்பஸ்ஸா ஓடுது? சும்மா கெடைக்கது நாலஞ்சு இருக்கு."

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து திறந்தேன். பன்னிரண்டு நிமிடம்.

ஜூன் 11

மூன்று முறை நின்றது. அம்மா மோர்மிளகாய் காயப்போடச் சொன்னாள். இன்று முடிந்த வேலை அது ஒன்றுதான்.

ஜூன் 13

வேறு மென்பொருளுக்கு மாறட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன்.

"வேண்டவே வேண்டாம். ஓரத்துல நான் குறிச்சதெல்லாம் ஓடிரும். மெதுவா ஓடுனா என்னட்டி, நீயும் மெதுவா யோசி. ஆமா, நீ ஏன் இப்பிடி எலும்பா இருக்க? சொதி கொண்டாந்திருக்கேன், சாப்பிட்டுட்டுப் போ."

தன் டிபன் பாக்ஸின் மூடியில் எனக்கு ஊற்றிக்கொடுத்தார். இஞ்சித் துவையலும் இருந்தது. சொதி நன்றாக இருந்தது. மேடத்தின் எல்லாச் சமையலும் நன்றாக இருக்கும்.

மேடத்தின் புதிய நூல் ஜூலை 12 அன்று வெளியாகிறது. அன்றைக்கே மின்நூலாகவும் வருகிறதாம். மெய்ப்புப் பார்க்கச் சொல்லி அச்சுப் பக்கங்களைத் தந்திருக்கிறார். ஐந்து பகுதிகள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து பார்த்துவிட்டேன். மூன்றாவது பகுதிக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஏப்ரலில் மேடம் ஒரு கருத்தரங்குக்கு என்று என் மூன்றாம் அத்தியாயத்தின் பிரதி கேட்டார். அனுப்பினேன். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17

முதல் மாற்று. உலாவியில் திறப்பது. கணினியில் எதுவும் ஏற்ற வேண்டாம், எழுத எழுத அதுவே சேமித்துக்கொள்ளும் என்றார்கள். தாய் ஃபைலை ஏற்ற நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு, அளவு அதிகம் என்று துப்பிவிட்டது. முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக ஒட்டிப் பார்த்தேன். இணையம் போனதும் எழுத்துக்கள் சாம்பல் நிறமாகி நின்றன. எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு ஐந்து முறை இணையம் போகும். நான் எழுதியதை நானே படிக்க ஓர் அலைபேசிக் கோபுரத்தின் அனுமதி வேண்டும் என்பது சகிக்கவில்லை.

நாளை அண்ணாச்சி சொன்ன இலவச மென்பொருள்.

ஜூன் 19

இரண்டாவது மாற்று. தாய் ஃபைல் நாற்பது விநாடியில் திறந்தது. கை தட்டலாம் போலிருந்தது.

பிறகு பார்த்தால் பக்கங்கள் முழுக்கச் சிவப்பு. பக்க எண்ணிக்கை எழுநூற்றுப் பதினான்கு. என் வரிகளுக்கு இடையிலும் மேலும் கீழும் குறுக்கே கோடு போட்ட வரிகள். முதலில் மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு கோட்டின் மேல் சுட்டியை வைத்தேன். சிறு பெட்டி வந்தது. ஜெனிட்டா, 2015 நவம்பர் 8.

விஷயம் இவ்வளவுதான். மாற்றங்களைப் பதிவு செய்யும் விசையை எப்போதோ யாரோ அழுத்தியிருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் விசையையும் சேர்த்து. அன்றிலிருந்து இந்த ஃபைலில் யார் எதை அழித்தாலும் அது அழியவில்லை. மறைந்து உள்ளே போயிற்று. ஒவ்வொருவரும் சுத்தமான பக்கத்தில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு முன்னவரின் தலைமேல் அடித்திருக்கிறோம். கோப்பு திறக்க மாட்டேன் என்று திணறியது இதனால்தான்.

நான் அடித்தவை யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்தேன். 'ஸ்ரீ அய்யனார் டிராவல்ஸ்' என்று இருந்தது. அண்ணன் இந்த மடிக்கணினியைப் பழசாக வாங்கிய இடம். ஆறு வருடமாக என் ஆய்வேட்டை ஒரு வாடகைக் கார் நிறுவனம் எழுதியிருக்கிறது.

அதற்குச் சிரித்தேன். பிறகு எனக்கு முன்னால் இதில் அடித்த ஜெனிட்டாவின் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தேன்.

ஜூன் 20

தலைவலி. எழுதவில்லை.

ஜூன் 21

முதுகலை இரண்டாம் ஆண்டில் மேடத்தின் முதல் நூல் எங்களுக்குப் பாடமாக இருந்தது. அதில் ஒரு கட்டுரையின் ஒரு வரியை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். 'நோட்டீஸில் அச்சாகாத பெயர்தான் பந்தலைக் கூட்டிப் பெருக்கியது.' அந்த ஒரு வரிக்காகத்தான் மேடத்திடம் ஆய்வுக்குச் சேர்ந்தேன். வேறு ஊரில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும் போகவில்லை. இந்த வரியை எழுதியவருக்கு அருகில் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த வரி தாய் ஃபைலின் முந்நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில், சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஜெனிட்டா அதை ஒரே மூச்சில் எழுதவில்லை. முதலில் 'துடைத்தது' என்று போட்டு, மறுநாள் 'கூட்டிப் பெருக்கியது' என்று மாற்றியிருக்கிறார். தேதியும் மணியும் இருக்கின்றன. நூல் வெளிவந்தது 2017.

அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஓரக் குறிப்பு ஒன்று. உலகம்மை என்று பெயர், மேடம்தான். 'இது என் நூலில் வந்துவிட்டது. நாலு பக்கமாகச் சுருக்கி நூலை மேற்கோள் காட்டு. இல்லாவிட்டால் ஒப்புமைச் சோதனையில் மாட்டும்.'

அதற்குப் பிறகு அந்த ஃபைலில் ஜெனிட்டா பெயரில் எந்த மாற்றமும் இல்லை.

ஜூன் 22

மேடத்தின் மெய்ப்பில் மூன்றாவது பகுதியைப் படித்தேன்.

1963-ஆம் வருடம் ஒரே ஓர் ஊரில் மட்டும் ஆறு பெண்களின் பெயர்கள் சொந்தப் பெயர்களாகவே கொடை நோட்டீஸில் அச்சாயின. மறுவருடம் அதே ஆறு பேரும் 'இன்னார் மனைவி' ஆகிவிட்டார்கள். அந்த ஒரு வருடம் என்ன நடந்தது என்பதுதான் என் மூன்றாம் அத்தியாயம். மெய்ப்பில் அது முப்பத்தெட்டு பக்கம். 'நான் அந்த ஊருக்கு நான்கு முறை நடந்தேன்' என்று இருக்கிறது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். மேடத்துக்கு முழங்கால் வலி. துறையின் மாடிக்கே ஏறமாட்டார்.

கோயில் வாசலில் ஒரு செவலை நாய் என்னைத் துரத்தியது. நூலில் அது மேடத்தைத் துரத்துகிறது. நாயையாவது எனக்கு விட்டிருக்கலாம்.

 

ஜூன் 24

மேடம் கூப்பிட்டனுப்பினார். என் ஃபைல் அவர் திரையில் திறந்திருந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் ஓரத்தில் புதுக் குறிப்பு. படிக்காமலே எனக்கு வாசகம் தெரியும். எட்டு வருடத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

"பாத்தியாட்டி? இத நாலு பக்கமா ஆக்கிரு. எம் புக்க மேற்கோள் காட்டு. ஒனக்குத்தான் பெரும, கைடு சொன்னத நிரூபிச்ச மாதிரி இருக்கும்."

"மேடம், பதினஞ்சாம் தேதிதான் கடைசி…"

"அதான் சொல்லுதேன், அவசரப்படாத. பன்னெண்டாம் தேதி புக்கு வந்திரும். பக்க எண்ணு போட்டு மேற்கோள் குடுத்து பதினஞ்சு கரெக்டா சப்மிட் பண்ணு. முந்திக் குடுத்தா மேற்கோளுக்கு பக்க எண்ணு எங்க போவ?"

"சரி மேடம்."

"ஏன் மொகம் வாடிருக்கு? ராத்திரி ஒறங்கலியா?"

நான் சொல்லாதவற்றை எழுத இந்த நோட்டு போதாது. ஆனால் கவனித்தேன், மேடத்தின் முகத்தில் திருட்டு முழி இல்லை. தோட்டத்து முருங்கைக்காயைப் பறிப்பவர்போல இருந்தார். அதுதான் அதிகமாக அருவருக்கிறது.

கிளம்பும்போது ஒரு பொட்டலம் அதிரசம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். 'நன்றி மேடம்' என்றும் சொன்னேன்.

ஜூன் 26

ஜெனிட்டா அக்காவின் எண்ணைத் துறையின் பழைய மாணவர் குழுவிலிருந்து எடுத்தேன். வள்ளியூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மத்தியான இடைவேளையில் பேசினார்.

"அக்கா, நான் உலகம்மை மேடத்துட்ட ஆய்வு பண்ணுதேன். பேரு ஆவுடைச்செல்வி."



"எத்தனாவது வருசம்?"

"ஆறு."

"அப்ப ஒன் மூணாவது அத்தியாயம் போயிருக்கும்."

ஆமாம் என்றேன்.

"அந்த ஃபைலு இன்னும் தொறக்கா?"

"பதினோரு நிமிசம் ஆவுதுக்கா."

"எங் காலத்துல நாலு" என்று சிரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புக் கோடு, தேதி, 'துடைத்தது' என்பதை மாற்றியது வரை. சிரிப்பு நின்றுவிட்டது.

"அதெல்லாம் இருக்கா? நான் அழிச்சிட்டேன்னுலா நெனச்சேன்."

"நீங்க ஏங்க்கா அப்ப ஒண்ணும் சொல்லல?"

"நீ சொல்லிட்டியா?"

"இல்ல."

"பின்ன? எனக்கு அம்ம போட்டிருந்தப்ப எங்க வீட்டு ஆளுவளே எட்டி நின்னாவ. மேடந்தான் வேப்பெல கொத்தோட வந்து பக்கத்துல உக்காந்தாவ. அந்தக் கையி, இந்தக் கையின்னு பிரிச்சுப் பாக்க எனக்கு வரல. நாலு பக்கமா சுருக்கவும் வரல. நின்னுட்டேன்."

மேடத்தின் நூலுக்குப் பதிலாக அவருடைய அத்தியாயத்தையே மேற்கோள் காட்டலாமா என்று கேட்டேன்.

"எங்க இருக்குன்னு போடுவ? சிவப்புக் கோட்டுக்கு அடியிலன்னா?"

"வெளியிடப்படாத அத்தியாயம், 2015-ன்னு போடுவேன்."

பள்ளிக்கூட மணி அடித்தது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"போட்டா முழுப் பேரா போடு. ஜெனிட்டா ஸ்டெல்லா. எங்கப்பா இனிஷியல் பி. புருசன் பேரு வேண்டாம்."

ஜூன் 28

மூன்றாவது மாற்று. கணினியிலேயே இருக்கும் வெற்றுக் குறிப்பேடு. தடித்த எழுத்து இல்லை, படம் இல்லை, பக்கம்கூட இல்லை. அடித்தால் வருகிறது. கையைக் கழுவியதுபோல இருக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். வாசகம் முழுவதையும் இதில் கொண்டுவந்து, படங்களையும் பக்கங்களையும் அந்த இலவச மென்பொருளில் புதிதாக அமைக்கப் போகிறேன். தாய் ஃபைலிலிருந்து ஓர் ஓரம்கூட எடுக்கமாட்டேன். ஒரு நாளைக்கு முப்பது பக்கம் முடித்தால் ஜூலை 6. மேடத்தின் நூல் வருவதற்கு ஆறு நாள் முன்னால். அதற்குள் என் அத்தியாயம் பல்கலைக்கழகத்தில் பதிவாகிவிட்டால் அது என்னுடையது. ஒரு நாள் பிந்தினாலும் நான் மேடத்தைக் காப்பியடித்தவள்.

முதல் அத்தியாயத்தைக் கொண்டுவரும்போது இன்னொன்றைப் பார்த்தேன். 'ஆய்வு நெறிமுறை' என்ற மூன்று பக்கம். அதில் என் டிராவல்ஸின் பெயர் இரண்டே இடத்தில் இருக்கிறது. தாலுகாவின் பெயரை மாற்றியிருக்கிறேன், வருடத்தை மாற்றியிருக்கிறேன். மீதி முழுவதும் ஜெனிட்டா அக்கா எழுதியது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நெறிமுறையை யார் படிக்கிறார்கள் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் நினைத்திருப்பேன். நினைத்ததுகூட ஞாபகம் இல்லை.

மூன்று பக்கத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அக்காவிடம் இதைத் தொலைபேசியில் சொல்லவில்லை. அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா.

ஜூலை 2

மேடம் நாளை சென்னைக்குப் போகிறார். அச்சகத்தில் உட்கார்ந்து வேலையை முடுக்க வேண்டுமாம். 11-ஆம் தேதி இரவு திரும்புகிறார்.

"சான்றிதழ் தாள அடிச்சுக் கொண்டாந்தியா? கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். நான் ரயிலு லேட்டுன்னு வந்து ஒனக்குப் பதினஞ்சாம் தேதி வில்லங்கம் ஆயிரக் கூடாது."

எங்கள் துறையில் இது வழக்கம். ஆய்வேட்டைக் கட்டும் முன்பே வழிகாட்டி ஆறு உதிரித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார், துறைத்தலைவர் முத்திரை வைத்துவிடுவார். மேடம் ஒவ்வொன்றாகப் போட்டார். 'இவ்வாய்வேடு இவருடைய சொந்த முயற்சியில் உருவானது என்றும், இதன் எப்பகுதியும் வேறெவராலும் முன்னர் வெளியிடப்படவில்லை என்றும் சான்றளிக்கிறேன்.' பேனா ஐந்தாவது தாளில் மக்கர் பண்ணியது. என் பேனாவைக் கொடுத்தேன்.

"நாலு பக்கமா ஆக்கிட்டியா?"

"வேல நடக்குது மேடம்."

பொய் இல்லை. வேலை நடக்கிறது. இந்த மாதிரி வாக்கியங்களைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டேன்.

ஜூலை 4

நூற்றெழுபது பக்கம் முடிந்தது. புதிய ஃபைல் மூன்று விநாடியில் திறக்கிறது. துணைநூற்பட்டியலில் என் கையால் அடித்தேன்: ஜெனிட்டா ஸ்டெல்லா, பி. இரண்டு முறை சரிபார்த்தேன்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அம்மா திட்டினாள்.

ஜூலை 6

அச்சுக்கு அண்ணாச்சி கடை. ஆறு பிரதி.

"எல்லாம் சேத்து பதினாலு எம்பிதானா? பாக்கி எங்க?"

"எறக்கி விட்டுட்டேன் அண்ணாச்சி."

"யார?"

"உள்ள ஒளிஞ்சிருந்தவியள."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு மூன்றாம் அத்தியாயம் அச்சாகி வரும்போது 1963 நோட்டீஸின் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "நம்ம ஆளுவ அப்பவே பொம்பளையாள் பேர அச்சுல போட்டிருக்கான் பாரு." யாருக்கோ சேர வேண்டிய பெருமையை எவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அண்ணாச்சிமேல் கோபம் வரவில்லை. கட்டுப்போடும்போது அட்டையின் முதுகில் என் பெயர் நேராக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தார்.

ஜூலை 7

நூலகத்தில் ஒப்புமைச் சோதனை, பிறர் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று. மூன்று விழுக்காடு. அந்த மூன்றும் 'திருவிளக்கு பூஜை நடைபெறும்' போன்ற நோட்டீஸ் வாசகங்கள்.

ஜூலை 8

பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். பகல் பன்னிரண்டு இருபதுக்கு முத்திரை வைத்தார்கள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கே. எல்லாவனும் கடைசி நாள் நாலே முக்காலுக்குத்தாம்மா ஓடி வருவான்" என்றார் பிரிவு எழுத்தர்.

"முடிஞ்சிருச்சு சார்."

வெளியே வந்து ஒரு சர்பத் குடித்தேன். பாதி துப்பட்டாவில் போயிற்று.

ஜூலை 12

மேடம் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டார். அலுவலகத்திலிருந்து வழிகாட்டிக்குப் போகும் கடிதத்தையும் துறைப் பிரதியையும் முந்தின நாளே துறை ஊழியர் அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கு வரச்சொன்னார். போனேன்.

தலை சீவாமல் இருந்தார். அவரை அப்படிப் பார்த்ததில்லை. மேசைமேல் புதிய நூலின் ஒரு பிரதி, பக்கத்தில் என் ஆய்வேட்டின் துறைப் பிரதி. துணைநூற்பட்டியல் திறந்திருந்தது.

"என்னட்டி பண்ணி வச்சிருக்க? முந்நூறு பிரதி அச்சடிச்சுக் கெடக்கு."

துணைநூற்பட்டியலில் ஒரு வரியை விரலால் தட்டினார்.

"யாரு ஒனக்கு ஜெனிட்டாவச் சொன்னது? அவளா போன் பண்ணா?"

"இல்ல மேடம். ஃபைலுக்குள்ள இருந்தாங்க."

"எந்த ஃபைலுக்குள்ள?"

"நீங்க குடுத்த ஃபைலுதான்."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன், மாணவிக்குப் பாடம் சொல்வதுபோல, எந்த விசையை அழுத்தினால் எது மறையும், எதை அழுத்தினால் எது தெரியும் என்று. அவர் தலையாட்டிக் கேட்டார். ஒரு கட்டத்தில், "அப்ப எல்லாமே இருக்கா?" என்றார்.

"எல்லாமே இருக்கு மேடம். தேதியோட."

ஆய்வேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "ஒன்ன எம் மவளாட்டம்லாட்டி வச்சிருந்தேன்."

அது உண்மை. அதனால்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று சொல்லவில்லை. சொதியைப் பற்றியும் சொல்லவில்லை. மெய்ப்பின் மூன்றாவது பகுதியை ஜூன் 13-ஆம் தேதியே புரட்டிப் பார்த்துவிட்டு, நாயின் வரி வந்ததும் மூடிவைத்தேன் என்பதை மேடத்திடமும் சொல்லவில்லை, இந்த நோட்டிடமும் இதுவரை சொல்லவில்லை.

பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மறு வருடம், நவம்பர் 3

வெளியீட்டு விழா அன்று நடக்கவில்லை. மேடத்தின் நூல் ஜனவரியில் வந்தது, முப்பத்தெட்டு பக்கம் குறைவாக. என் ஆய்வேட்டை மதிப்பிட வேண்டிய தேர்வாளர்களின் பட்டியலை மேடம் பதினொரு மாதம் அனுப்பவில்லை. வாய்மொழித் தேர்வு நேற்று நடந்தது. மேடம் வந்தார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஜெனிட்டா அக்கா பள்ளிக்கு அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். எனக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அக்காவின் அத்தியாயம் முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு மேடத்தின் பெயரில் இன்றும் பாடமாக இருக்கிறது.